பஞ்சார மணல்

எங்கள் முற்றத்தில் கல் பதிக்க சுதீஷ் இறக்கிய முதல் லோடு மணலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். சேர்த்தலையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கடல் மணலைக் கலந்து கல் பதித்தால் ஆறே மாதத்தில் முற்றம் முழுக்க உப்புப் பூத்துவிடும்.

"உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்கா?" பின்னால் சுதீஷின் குரல்.

"சிரிக்காதீங்க. உங்க வீட்டைச் சுத்திக் கிடக்கிறதே வெள்ளை மணல்தான். அதை அள்ளிட்டு வந்தா யாருக்குத் தெரியும்?"

"அது பஞ்சார மணல், பிரமீளா. சீனி மாதிரி உருண்டையான மணி. ஒண்ணை ஒண்ணு பிடிக்காது. அடியில கரடான எம்-சாண்ட், இடுக்குல சலிச்ச நைஸ் மணல். அதுதான் கல்லை நகர விடாது."

நான் நம்பவில்லை. அவர் இறக்கிய மணலைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சமையலறை ஜன்னலில் வைத்தேன். மேலே சேறு படியவில்லை. அப்படியும் மனம் ஆறவில்லை.

இல்லாத வேலையை இருக்கிறதென்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டவனை விட்டு வந்து நாலு வருஷமாகிறது. இப்போது சுதீஷ் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார். 'முற்றம் முடியட்டும், பதில் சொல்கிறேன்' என்றிருந்தேன். உண்மையில் நான் சோதித்துக்கொண்டிருந்தது மணலை அல்ல.

புதன்கிழமை கல் பதித்து முடிந்தது. இடுக்குகளில் ஒரு முறை மணல் நிரப்பி, மெஷின் ஓட்டி அழுத்தினார். "மணல் கீழே இறங்கும். நாளைக்குச் சாயங்காலம் வந்து மேலே இன்னொரு தடவை நிரப்பணும்," என்றார்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. நான் வேலை முடிந்து வந்தபோது, கேட்டருகே வெள்ளை வெளேரென்று மணல் வழிந்து கிடந்தது. இடுக்குகள் பொக்கை வாயாக இளித்தன. பஞ்சார மணல்!

"அச்சா, சுதீஷ் வந்தாரா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

அச்சன் செய்தித்தாளை விட்டு நிமிரவில்லை. "ம்..."

அவ்வளவு போதாதா? ஃபோனில் கத்தினேன். "உங்க வீட்டு ஓசி மணலை எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?"

பத்து நிமிடத்தில் வந்தார். குனிந்து இடுக்கை விரலால் கிளறினார். கண் ஒரு கணம் அச்சனின் வேட்டிப் பக்கம் போய் வந்தது.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன்," என்றார்.

"அவ்வளவுதானா? மறுத்துக்கூடப் பேச மாட்டீங்களா?"

பதில் சொல்லாமல் பைக்கை எடுத்தார். குற்றமுள்ளவன்தானே வாயடைத்துப் போவான்? என் பதில் முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தேன். ஈர்க்குக் குச்சியால் ஓர் இடுக்கைத் தோண்டினேன். மேலே அரை விரல் வெள்ளை. அதன் கீழே சாம்பல் நிற மணல், குச்சி இறங்காத அளவுக்கு இறுகிக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தேன். அச்சனின் வேட்டி விளிம்பெல்லாம் வெள்ளைத் துகள்.

"மோளே, திட்டாதே," என்றார் அச்சன். "கல்யாண வீட்டு முற்றம் வெளுப்பா இருக்க வேண்டாமா? நம்ம வழக்கம் அதுதானே. ரெண்டு சாக்கு வாங்கி நான்தான் பெருக்கி விட்டேன்."

"எந்தக் கல்யாணம்?"

"நீ சரின்னு சொல்லுவேன்னு..." மிச்சத்தைச் செய்தித்தாளுக்குள் முணுமுணுத்தார்.

கேட்டைத் தாண்டி ஓடினேன். சுதீஷ் மூலைக் கடையில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்.

"அச்சன்னு தெரிஞ்சுதானே பேசாம வந்தீங்க?"

"ஆசையா போட்டிருக்கார். நான் சொன்னா நீங்க அவரைத் திட்டுவீங்க."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"ஒருத்தன் பொய் சொல்லி என் வாழ்க்கையைக் கெடுத்தான். நீங்க உண்மையை மறைச்சு என்னைப் பைத்தியமாக்கப் பாக்கறீங்க. நல்லதுக்குன்னாலும் இனிமே எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது."

"இனிமேன்னா?" என்றார், டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து.

"முதல்ல அந்த வெள்ளை மணலை எடுத்து, நைஸ் மணலை நிரப்புங்க. நான் பக்கத்துலேயே நிப்பேன்."

"நில்லுங்க. நாக்குல வெச்சும் பாருங்க."

"பாக்கத்தான் போறேன்," என்றேன். "ஒவ்வொரு சாக்கா."