கண்ணாயி கொண்டுவந்த ஈரல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாயிரா தெர்மகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு, காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் அத்தாவின் கறிக்கடைக்கு வந்துவிடுவாள்.

"ஊரே நல்ல ஈரல் கேக்குது. எம் மக மட்டும் கெட்ட ஈரல் கேக்குறா" என்று அத்தா அப்துல் அலீம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

மலையாடுகளின் ஈரலில் இலைபோலத் தட்டையான புழுக்கள் இருக்கும். உயிரோடிருக்கும்போதே அவற்றை ஐஸில் போட்டு, அவள் ஆராய்ச்சி செய்யும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரையை உடைத்துத்தான் அந்தப் புழு பிழைக்கிறது. உடைக்க உதவும் நொதியொன்றில் நான்கு துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி அதில் ஒரு சிறு குழி. அங்கே ஒரு பொருள் வந்து உட்கார்ந்தால் நான்கும் லேசாகத் திரும்பி வேலை வேகமெடுக்கும். வேறொன்று உட்கார்ந்தால் வேலை நின்றுபோகும். ஆட்டின் நொதியில் அந்தக் குழி சற்று வேறு மாதிரி. ஆட்டை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் நிறுத்துகிற மருந்தொன்றைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் பஸ்ஸில் கண்ணாயி வந்து இறங்கினாள். மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டிக்காரி, கடைக்கு ஆடு விற்பவள். போன மாதம் அவள் ஆட்டுப்பட்டியைப் பார்க்கப் போனபோது, "ஆடு செத்தா ஈரல எனக்குக் குடுங்கக்கா" என்று சாயிரா கேட்டிருந்தாள்.

கண்ணாயி ஒயர் கூடையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள்.

"பெரிய வெள்ளாடு நேத்துப் பொழுதோட போயிருச்சு கண்ணு. செத்தத உங்கூட்டுல தொடமாட்டீங்க, தெரியும். இது உம் படிப்புக்கு."

சாயிரா இலையைப் பிரித்தாள். புழுக்கள் சாம்பல் நிறத்தில் அசைவற்றுக் கிடந்தன. நொதியின் துண்டுகள் இதற்குள் பிரிந்து கலைந்திருக்கும். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆடு பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வரிசை அவளுக்கே பயமாக இருந்தது.

"இதுல மருந்து கண்டுபிடிச்சிருவியா சாமி? அதுக்காச்சும் ஆவட்டும்னு அழுகைய அடக்கிட்டு அறுக்கச் சொன்னேன்."

வாங்கி வைத்துக்கொண்டு, அவள் போன பிறகு எறிந்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்பதே சாயிராவை உறுத்தியது.

"இது உதவாதுங்கக்கா. புழு உசுரோட இருக்கணும். உடனே ஐஸ்ல வைக்கணும். நான் சொல்லாம விட்டுட்டேன்."

கண்ணாயி குனிந்து ஈரலைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆட்ட உசுரோடவே புடிச்சாந்திருப்பனே. அதும் படுத்துக்கிட்டு அவஸ்தப்பட்டிருக்காது."

அத்தாவின் கத்தி கட்டையில் நின்றது.

கண்ணாயி பொட்டலத்தைத் திரும்பக் கட்டினாள். "அதோட குட்டிக்கும் அதே மாதிரி தாடை வீங்குது. அதையாச்சும் நாளைக்குப் புடிச்சாரட்டுமா?"

சாயிராவுக்கு அந்தக் குட்டி வேண்டும். வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கையை நீட்டியது.

"வேண்டாங்கக்கா. மாட்டாஸ்பத்திரில புழு மருந்து வாங்கி இன்னிக்கே ஊத்துங்க."

"கேக்குமா?"

"முன்ன மாதிரி எல்லா ஆட்டுக்கும் கேக்கறதில்லீங்க."

"அப்ப உம் மருந்து எப்ப வரும்?"

"தெரியலீங்கக்கா. வராமயும் போகலாம்."

கண்ணாயி அவள் முகத்தையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "செரி கண்ணு, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வழிகாட்ட சாயிரா அவளோடு ரோட்டில் இறங்கி நடந்தாள்.