மூன்றாவது மிதி

"தட்டு," என்றாள் அக்கா.

தம்பி ஸ்க்ரூடிரைவர் நுனியால் புதிய பிக்கப்பை லேசாகத் தட்டினான். ஆம்ப்ளிஃபயர் 'டொக்' என்றது. ஒரு வாரமாக ஊமையாகக் கிடந்த கிட்டாருக்கு உயிர் வந்துவிட்டது.

அது மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார் இல்லை. பெடல் ஸ்டீல். நாலு கால் மேசைபோல நிற்கும். மேலே பத்துக் கம்பிகள், கீழே மூன்று மிதிகள். மிதித்தால் பலகைக்கு அடியில் ஓடும் இழுகம்பி மேல்கம்பியை இழுத்துச் சுருதியை ஏற்றும். காலை எடுத்தால் இறங்கிவிட வேண்டும். அக்காவுடையது முப்பத்தைந்து வருடப் பழசு. கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கிற பிக்கப் செத்துப்போக, வேறொன்று வாங்கி, ரேடியோ ரிப்பேர் செய்கிற தம்பியை ஒத்திகை அறைக்கே இழுத்து வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நிகழ்ச்சி. மூன்று மணிக்கு, குழுவை நடத்துகிற மாஸ்டர் ஒத்திகைக்கு வருவார். "இன்னைக்கும் உங்க கிட்டார் தகராறு பண்ணினா, அந்த இடத்தையும் கீபோர்டே வாசிச்சுடட்டும்," என்று முந்தின நாள் போனிலேயே சொல்லிவிட்டார். கீபோர்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து அக்காவின் பகுதியைத்தான் பழகிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆள் போறதுக்கு முன்னாடியே பாய் விரிக்கிறீங்களே," என்றாள் அக்கா.

"சும்மா விரல் அரிச்சுதும்மா," என்றார் அவர். விரலை மட்டும் நிறுத்தவில்லை.

தம்பி பத்துக் கம்பிகளையும் தட்டிப் பார்த்தான். பத்தும் பேசின. சத்தம் வந்தால் வேலை முடிந்தது. ரேடியோக்காரன் கணக்கு அவ்வளவுதான். சாமான்களைப் பைக்குள் போட ஆரம்பித்தான்.

மணி இரண்டே முக்கால். அக்கா உட்கார்ந்தாள். முதல் மிதி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதை மிதித்தாள், சுருதி ஏறியது. காலை எடுத்தாள்; இறங்கவில்லை. மறுபடி மிதித்தாள். கம்பி ஏறின இடத்திலேயே நின்று முனகியது.

அவள் முகம் வெளுத்தது. "போச்சுடா. பிக்கப் வந்தா மிதி போகுது. கிழட்டு உடம்பு, ஒண்ணைத் தைச்சா இன்னொண்ணு கிழியுது. மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

தம்பி கிட்டாருக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச்சை அடித்தான். பலகையைப் பொத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில்தான் இழுகம்பி மாட்டிக்கொண்டு நின்றது. புதிய பிக்கப்பின் அடிப்பாகம் தடிமன் என்று, பலகையின் கனத்தை அளக்காமல் அவன் போட்ட நீள ஸ்க்ரூ.

சொல்லாமல் விட்டால் பழி பழைய மரத்துக்குப் போய்விடும். அக்காவே பழியை அங்கே போட்டுவிட்டாள்.

"அக்கா."

"என்ன?"

"மிதி நல்லாத்தான் இருக்கு. நான் போட்ட ஸ்க்ரூ கீழ வந்து முட்டுது. மிதிச்சுப் பார்க்காம விட்டுட்டேன்."

அவள் குனிந்து அவனையே பார்த்தாள். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்போ எழுந்திரு. கழட்டு."

"ஸ்க்ரூ தலை பத்தாவது கம்பிக்கு நேர் கீழ இருக்கு. அந்தக் கம்பியை அவிழ்க்கணும்."

"அவிழ்த்தா சுருதி நிக்க அரை மணி ஆகும். நான் விரலால தள்ளிப் பிடிக்கறேன். நீ நடுவுல விடு."

அவள் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒதுக்கினாள். அந்த இடுக்கில் அவன் ஸ்க்ரூடிரைவரை இறக்கினான். காந்தம் சும்மா இருக்குமா? இரும்பு நுனியைப் பக்கவாட்டில் இழுத்தது. பக்கத்திலேயே பிக்கப்பில் சுற்றிய செம்புக் கம்பி, தலைமுடியைவிட மெலிசு. ஒரு கீறல் விழுந்தால் கிட்டார் மறுபடி ஊமை.

"கை ஆடுது," என்றாள்.

"நீ பேசாதே."

"என் விரல் அறுபடுது, சீக்கிரம்."

அவன் நுனியில் டேப்பைச் சுற்றி, மணிக்கட்டைப் பலகையில் ஊன்றித் திருகினான். ஒரு சுற்று. இன்னொன்று. மூலையில் கீபோர்டும் நின்றுபோயிருந்தது. ஒன்பதாவது சுற்றில் ஸ்க்ரூ தளர்ந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்க, அவன் குறட்டால் கவ்வி எடுத்தான். கீழே இழுகம்பி 'டப்' என்று தன் இடத்துக்குப் போனது.

கதவு திறந்தது. மாஸ்டர்.

"ஆரம்பிக்கலாமா?"

அக்கா விரலைப் புடவையில் துடைத்தாள்; துணியில் சிவப்புக் கோடு. இரண்டில் ஒன்று போய், ஒற்றை ஸ்க்ரூவில் நின்ற பிக்கப் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் தடித்த கம்பிகள் அடங்கி ஒலித்தன. இரண்டாவது வரியிலேயே அவளுக்கு அது புரிந்துவிட்டது. கட்டைவிரலால் அந்தக் கம்பிகளை அழுத்தி மீட்டினாள். வெட்டு எரிந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. மூன்றாவது மிதியில் சுருதி ஏறி, வழுக்கி, மெதுவாக இறங்கியது.

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மூலைப் பக்கம் திரும்பினார்.

"நீங்க உங்க பகுதியை மட்டும் வாசிங்க. இது இவங்களுது."

கீபோர்டுக்காரர் தலையை ஆட்டினார். அக்கா பாட்டை நிறுத்தாமலே தம்பிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நிகழ்ச்சி ஆறு மணிக்கு. அதுக்குள்ள சின்ன ஸ்க்ரூ வேணும், பையை மூடாதே."