மணி அடித்தும் யாரும் வராத ஞாயிறு

நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரே ஆராதனைதான். ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரு போதகர். ஜனவரி முதல் ஞாயிறன்று நாலு பேருக்குப் பிரசங்கம் செய்துவிட்டு அவர் அவசரமாகக் காரேறினார். பின்னறையில் காபிக் கோப்பைகளைக் கழுவிவிட்டு யெட்ஸ்கே வெளியே வந்தபோது விளக்குகள் அணைந்திருந்தன. வாசற்கதவு பூட்டியிருந்தது.

"டேய் டவ்வே! நான் உள்ள இருக்கேன்டா!"

சாவி வைத்திருக்கும் டவ்வே, அவளோடு பள்ளியில் படித்தவர், எல்லாரும் போய்விட்டதாக நினைத்து மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். யெட்ஸ்கேவுக்கு எழுபத்தாறு வயது. தனியாள். கைப்பேசி வீட்டு மேசையில் கிடந்தது. அடுத்த ஆராதனைக்கு நாலு வாரம்.

மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது வேளைகெட்ட வேளையில் மணி அடித்தால், தீயோ வெள்ளமோ என்று ஊரே ஓடிவரும். பத்து நிமிடம் அடித்துவிட்டுப் பெஞ்சில் ஏறி ஜன்னல் வழியே பார்த்தாள். நாயோடு போன ஒருவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், நடையைக் கட்டினான்.

மறுபடி அடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஜெபிக்கலாம் என்று மண்டியிட்டால், எழுபது வருஷம் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பூட்டைவிட அதுதான் அவளை நடுங்க வைத்தது. யாருமற்ற பெஞ்சுகளைப் பார்க்கப் பயந்து கயிற்றையே பார்த்துக்கொண்டு மீண்டும் இழுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு தடதடத்தது.

"இந்த மணி மிஷினை நிறுத்த ஆளே இல்லையா? கொஞ்சமாவது அறிவிருக்கா? இப்பத்தான் குழந்தை தூங்குச்சு!"

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மிர்தே.

"மாட்டிக்கிட்டேன்மா! பூட்டிட்டுப் போயிட்டாங்க!"

"ஐயையோ, உள்ள ஆளா? மிஷின் கோளாறுன்னுல்ல நெனச்சேன்! எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

யெட்ஸ்கே உள்ளேயிருந்து சொன்ன எண்ணில் மிர்தே டவ்வேயைப் போனில் பிடித்தாள். அவர் பாதி வழியிலிருந்து திரும்பும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்து, கதவின் தபால் துளை வழியாக வெண்ணெய் தடவிய ரொட்டியை ஒவ்வொரு துண்டாகத் தள்ளினாள்.

"பேசிட்டே இருங்கம்மா, இந்தக் குளிர்ல தூங்கிடாதீங்க."

பிப்ரவரி ஆராதனையன்று டவ்வே தேவாலயக் கதவைத் திறந்துவிட்டுச் சாவியை நீட்டினார். "இனி இது உன்கிட்டயே இருக்கட்டும், யெட்ஸ்கே. உள்ள வா."

அவள் வாசல்வரை வந்தாள். உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது. கால் எழவில்லை.

"என்னால முடியலடா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.