கெய்னருக்கு இருபத்திரண்டு பவுண்டு கொடுப்பது எப்படி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கிரீம் கேக்கிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நானும் படுக்கை விரிப்பு மடிக்கிறவள்தான். அங்கே யாருக்கு நல்ல சேதி வந்தாலும் அவரேதான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கிவர வேண்டும். ஏப்ரலில் உதவித்தொகை உயர்கிறது என்று செய்தியில் சொன்ன மறுநாள் என்னோடு வேலை செய்யும் கெய்னர் பன்னிரண்டு கேக்கோடு வந்தாள். நானும் வெட்கமில்லாமல் ஒன்றைத் தின்றேன். தின்றுவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2.

"ஏப்ரலின் இளங்காலையில் கெய்னர் ஜன்னலைத் திறந்து—"

வேண்டாம். ஆறு மணி ஷிஃப்டுக்கு ஓடுகிறவளுக்கு இளங்காலையாவது மண்ணாவது.

"நலத்திட்டங்களின் நெடிய வரலாற்றில்—"

ஐயோ, புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நேரே வருகிறேன்.

கெய்னருக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வயது மகள் ஹோலியைத் தனியாக வளர்க்கிறாள். சம்பளம் பற்றாது என்பதால் மாதாமாதம் அரசு உதவித்தொகையும் வரும். ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி ஏறியதில் சம்பளம் நாற்பது பவுண்டு கூடியது. உதவித்தொகையிலும் இருபது ஏற்றினார்கள். இரண்டையும் கூட்டினாள், அறுபது. அதை நம்பி, கடற்கரையில் கேரவன் என்கிற சக்கர வீட்டில் ஒரு வாரம் தங்க, மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட விடுமுறைக்கு முன்பணம் கட்டிவிட்டாள். பாக்கி அறுபதை மே கடைசி வெள்ளிக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போச்சு, கேரவனும் போச்சு. ஹோலி அதற்குள் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

3.

கெய்னருக்கு மே மாத உதவித்தொகை வந்தது.

"ஹேசல், இங்க வாடி. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. போன மாசத்தவிட ரெண்டு பவுண்டு கம்மியா இருக்கு."

பக்கத்து எந்திரத்தில் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்த ஹேசல் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினாள். "இருபது ஏத்தினாங்கல்ல?"

"ஏத்தினாங்க. சம்பளம் நாப்பது கூடிடுச்சுன்னு இருபத்திரண்டப் பிடிச்சிட்டாங்க."

"அப்போ உயர்வு வந்து குறைஞ்சிருக்கு!"

"ஆமாடி, அதுக்குத்தான் நீ ரெண்டு கேக்கு தின்ன."

(இந்த இடத்தில் என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம். சம்பாதிக்கும் ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும், அதாவது நூறு பென்ஸுக்கும், உதவித்தொகையில் ஐம்பத்தைந்து பென்ஸ் பிடிப்பார்கள் என்று இவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். 'உயர்வு' என்று காதில் விழுந்ததும் அத்தனை பேருக்கும் மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.)

கெய்னர் உதவித்தொகை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் விளக்கம் கேட்டாள். பதில் வந்தது: "தங்கள் தொகை சரியாக உயர்த்தப்பட்டு, சரியாகக் குறைக்கப்பட்டுள்ளது."

"என்ன மரியாதையா சொல்றான் பாரேன்," என்றாள் ஹேசல்.

அறுபதில் கையில் நின்றது முப்பத்தெட்டு. துண்டு விழுந்தது இருபத்திரண்டு. கெய்னர் ஒரே தலையணை உறையை மூன்று தடவை மடித்தாள்.

4.

பாவமாக இருந்தது. இருபத்திரண்டு பவுண்டுதானே, எழுதுகிறவள் நினைத்தால் கொடுக்க முடியாதா?

முடிவு அ: சனிக்கிழமை கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தேன். பிடித்தம் போக இருபத்திரண்டு நிற்க வேண்டுமென்றால் நாற்பத்தொன்பதுக்கு உழைக்க வேண்டும். அன்றைக்கு ஹோலியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுத்தது போக மீதி— இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.

முடிவு ஆ: கெய்னரை மேற்பார்வையாளராக்கி நூறு பவுண்டு ஏற்றினேன். ஐம்பத்தைந்தைக் காணோம். கதை என்னுடையது, பேனா என்னுடையது, அப்படியும் காணோம்! ஆத்திரத்தில் இருநூறாக்கினேன். நூற்றுப்பத்து போயிற்று. பதவி உயர்வு நல்ல சேதி என்பதால் பன்னிரண்டு பேரும் கேக் கேட்டார்கள்.*

* ஹேசல் மட்டும் இரண்டு.

முடிவு இ: இதைக் கண்டுபிடித்தபோது துள்ளிக் குதித்தேன். அன்பளிப்பில் பிடித்தம் கிடையாது! உழைத்தால் பாதிக்கு மேல் போகும், சும்மா கொடுத்தால் முழுசாக நிற்கும். உறையில் இருபத்திரண்டு பவுண்டைப் போட்டுக்கொண்டு நானே கதைக்குள் போனேன்.

"என்னது இது?"

"அன்பளிப்பு, கெய்னர். இதுல ஒரு பென்ஸ்கூடப் பிடிக்க மாட்டாங்க."

அவள் உறையை என் கையிலேயே திருப்பி வைத்தாள். "எழுதறவ நீதானே? சனிக்கிழமை எழுதத் தெரியுது, பதவி எழுதத் தெரியுது. எனக்குப் பிச்ச போடவும் தெரியுது. நான் சம்பாதிச்சத என்கிட்டயே விட்டுவைக்க மட்டும் உனக்கு ஒரு வரி வரலையா?"

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. உறையோடு வெளியே வந்துவிட்டேன்.

5.

அந்த ஒரு வரியை நான்கு நாளாக எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை.

நாளைக்கு அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. கேரவன்காரர்கள் ஐந்து மணிக்குக் கடையை மூடுவார்கள். ஹோலி நீச்சல் உடையை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதுங்கள். கூலியாகக் கொடுப்பதென்றால் நாற்பத்தொன்பதாகக் கொடுங்கள். சும்மா கொடுப்பதென்றால் கெய்னரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இரண்டும் முடியாதென்றால், ஹோலியிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.