பதினெட்டுத் தூண்கள்

சோழவந்தானில் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்குள் மூன்று வாரத்தில் பதினெட்டுத் தூண்கள் வந்து நின்றன. ஒன்றைக்கூட யாரும் கட்டவில்லை. வாரத்தில் ஆறு நாள், விடிந்ததும் ஒரு புதுத்தூண், பழையதை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே இடத்தில் நிற்கும். கொத்தனார் பேயாண்டி நான்காம் நாளே ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டார். சாய்ந்து டீ குடிக்க வசதியாகத்தான் இருந்தது. மதுரைக்குப் போன் போட்டு முத்துமீனாவிடம் மட்டும் சொல்லிவிடுவார். "மேடம், இன்னைக்கும் ஒண்ணு வந்திருச்சு. உச்சியில நீட்டிக்கிட்டிருக்கிற கம்பிய எண்ணிப் பாத்தேன், எட்டு. உங்க கணக்குதான்."

முத்துமீனா கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிடும் பொறியாளர். அந்த மண்டபத்தின் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண் வேண்டும். இல்லாவிட்டால் கூரை என்றைக்காவது பந்தியின் மேல் இறங்கிவிடும். தினமும் கணினியில் இருந்த கட்டட மாதிரியில் அந்தத் தூணை வைத்துச் சேமித்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். வடிவமைப்பாளர் உமேஷுக்கு வீடு ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மணமேடையை அழகுபடுத்தி முடித்து, ஆறரைக்குத் தன் பங்குக்குச் சேமிப்பான். கடைசியாகச் சேமித்தவர் வைத்ததுதான் சட்டம் என்று அந்த மென்பொருள் நம்பிக்கொண்டிருந்தது. மறுநாள் மாதிரியில் தூண் இருக்காது. மேடையை மறைக்கிறதென்று வேண்டுமென்றே அழிக்கிறான் என்று அவள் நினைத்தாள். மாதிரியில் இல்லாத தூணைத் தன்னைச் சீண்டுவதற்காகச் சைட்டில் நிறுத்துகிறாள் என்று அவன் நினைத்தான். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. படித்தவர்கள் சண்டை இப்படித்தான், சத்தமே வராது.

கூரைக் கான்கிரீட்டுக்கு நாள் குறித்தாயிற்று. மாதிரியில் இல்லாத தூண்களை இடித்துவிட்டுத்தான் கூரை போடவேண்டும் என்று உத்தரவும் வந்துவிட்டது. முத்துமீனா பயந்துபோய், மென்பொருளை எழுதிய சூடாமணியிடம் போய் நின்றாள். சூடாமணி மூன்று வாரத்துப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"உமேஷ் உங்க தூணை அழிக்கவே இல்ல மீனா. அவரு காலைல திறந்து வச்ச பிரதியில தூணே கிடையாது. அவருகிட்ட இல்லாதத, அவரு எடுத்துட்டாருன்னு இது நெனச்சுக்குது."

அழித்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். மூன்று வாரமாக அவன் அதைப் பார்க்கவே இல்லை என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சூடாமணி யாரும் சேமிக்க முடியாதபடி மாதிரியைப் பூட்டிவிட்டு, இரண்டே நாளில் சட்டத்தை மாற்றினார். ஒவ்வொரு சுவருக்கும் தூணுக்கும் தனி எண். யார் எதைத் தொட்டார்களோ அது மட்டும் சேரும். ஒரே இடத்தில் இருவர் கை பட்டால், இரண்டையும் இரு நிறத்தில் காட்டிவிட்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும்வரை சேமிக்க மறுக்கும். முதல் நாளே சிவப்புத் தூண் நீல மேடைக்கு நேர் முன்னால் திரையில் நின்றது. உமேஷ் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இது மேடைய மறைக்குமேங்க. தாலி கட்டுறத யாரு பாக்குறது?"

"இது இல்லேன்னா கூரை நிக்காது சார். கீழ ஐநூறு பேரு பந்தியில உக்காந்திருப்பாக."

அவன் அவளுடைய கணக்கைக் கேட்டு வாங்கிக் கடைசி வரி வரை படித்தான். பிறகு மேடையை ஒன்பதடி கிழக்கே நகர்த்தினான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் கேட்டிருக்கலாம்ல?"

அன்று அவள் அடுத்த பஸ்ஸில்தான் ஊர் போய்ச் சேர்ந்தாள்.

விடிந்தபோது மண்டபத்தில் ஒரே ஒரு தூண் இருந்தது. மீதிப் பதினேழும் வாய்க்காலைத் தாண்டிப் போய், மலையம்மாளின் வெற்றிலைக் கொடிக்காலில் வரிசை பிடித்து நின்றன. அவர் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அகத்தியில் ஏற்ற வைத்திருந்த கொடிகளை அவற்றில் ஏற்றிக் கட்டினார். கொடி நன்றாகவே படர்ந்தது. தை மாதம் அந்த மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணத்துக்குத் தாம்பூல வெற்றிலை அங்கிருந்துதான் வந்தது. காரம் கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு முத்துமீனாவும் போயிருந்தாள். சாப்பிட்டுக் கைகழுவி வரும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். பேயாண்டியின் ஆட்கள் விளையாட்டாக வைத்த பெயர் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது.

"கண்ணு தெரியலையா உனக்கு? அம்புட்டுப் பெருசா நிக்கிது. முத்துமீனா தூணுகிட்டதான் நிக்கிறேன், வா."