கடைக்கு வராத பதிப்பு

கார்ப் பந்தய ஆட்களிடம் அந்த இருவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று விளங்காது. அக்கா, தம்பி என்றால் உடனே தெரியும். தம்பி வண்டி ஓட்டுவான். அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் விரித்த தாள்களைப் பார்த்து, அடுத்து வரும் வளைவை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவாள். 'இடது அஞ்சு' என்றால் லேசான வளைவு, மிதிக்கலாம். 'வலது ஒண்ணு' என்றால் பாதை அப்படியே மடங்கித் திரும்பும், மிதித்தால் தொலைந்தோம். 'இறுகும்' என்று சேர்த்தால் வளைவு போகப் போக இன்னும் ஒடுங்கும். புழுதிக்குள் பறக்கிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை. "எங்க அக்கா சொன்னா கண்ணை மூடிட்டுத் திருப்புவேன்" என்று தம்பி பீற்றிக்கொள்வான். "மூடித் தொலைச்சிடாதடா" என்பாள் அவள்.

அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷமே அம்மா தவறிப்போய்விட்டாள். அதன்பின் அவனுக்கு எல்லாமே அக்காதான். கல்யாணமாகி அவள் வேறு வீட்டுக்குப் போனபோது அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். "ஒருத்தியைக் கட்டினேன், ரெண்டு பேர் வந்து இறங்கினாங்க" என்று அவள் கணவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். நல்ல மனுஷன்.

அந்தச் சமயத்தில் ஒரு சின்ன நிறுவனம் கார்ப் பந்தய வீடியோ கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. பாதைகளைக் கட்டும் வேலை சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவனுடையது. தடித்த கண்ணாடி போட்டவன், தம்பி வயதுதான். வண்டி எப்படி வழுக்கும், எங்கே துள்ளும் என்று சொல்லித்தர நிஜப் பந்தயக்காரர்கள் வேண்டும் என்று அவன்தான் இவர்களைத் தேடி வந்தான். அவர்கள் பழகும் மலைப்பாதையைக் கூடவே வந்து அளந்தான். அதன் பாலம், கல் பெயர்ந்த தடுப்புச் சுவர், சாய்ந்த மரம், அவர்களுடைய மஞ்சள் வண்டி எல்லாவற்றையும் அப்படியே திரைக்குள் கொண்டுபோனான்.

குரலும் வேண்டியிருந்தது. ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் அக்காவுக்கு வரவில்லை, செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. அதனால் தம்பியைத் திரைக்கு முன்னால் ஸ்டியரிங்கோடு உட்கார வைத்து, அவளைப் பக்கத்தில் அமர்த்தி, அவன் ஓட்ட ஓட்டப் பதிந்தார்கள். 'இடது மூன்று' என்று எழுதியிருந்ததை அவள் "இடது மூணுடா... விடு, விடு... ம், இப்ப மிதி" என்றாள். "தம்பி, பாலம் பாலம்" என்று கத்தினாள். சோடாபுட்டி எதையும் வெட்டவில்லை. தற்காலிகப் பதிவுதானே, வெளியிடும்போது தொழில்முறைக் குரல் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் திட்டம்.

பிறகு ஒரு பயிற்சி ஓட்டத்தில் விபத்து நடந்தது. அவள் சொன்னதும் சரி, அவன் திருப்பியதும் சரி. பாதை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கை முறிந்தது. அவனுக்குத் தலையில் அடி.

வெகுநாள் கழித்து அவன் கண் விழித்தான். பேச்சு வந்தது. அக்காவின் கணவனைப் பார்த்ததும் "மாமா" என்றான். கட்டுப் போட்ட கையோடு கட்டில் அருகில் நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டான்: "எங்க அக்கா வரலையா?"

"நான்தான்டா."

"இல்லங்க. நீங்க அக்கா மாதிரி இருக்கீங்க."

மயக்கம் தெளியாத பேச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். மயக்கம் தெளிந்தது. அந்தப் பேச்சு மாறவில்லை. மருத்துவர் அவளையும் கணவனையும் உட்காரவைத்து விளக்கினார். "முகம் யாருதுன்னு அவருக்குத் தெரியுது. ஆனா பாத்ததும் உள்ளுக்குள்ள ஒரு நெருக்கம் பொங்கணும்ல, அந்த இணைப்பு அறுந்துபோச்சு. முகம் இருக்கு, நெருக்கம் வரல. அப்ப இது வேற யாரோன்னு மூளை முடிவு கட்டிடுது. ரொம்ப நெருங்கினவங்க விஷயத்துலதான் இப்படி நடக்கும்."

"அப்ப என்மேல அவனுக்கு அவ்வளவு பாசம் இல்லன்னு ஆகுது" என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாகிவிட்டது.

"குரல் வேற வழியாப் போகுது. போன்ல பேசிப் பாருங்க" என்றார் மருத்துவர்.

அது பலித்தது. வீட்டுக்கு வந்தபின் அவள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் தம்பிக்குப் போன் செய்வாள். அவன் குரல் மலர்ந்துவிடும்.

"அக்கா! எங்க இருக்க?"

"வெளியூர்ல வேலைடா. சாப்பிட்டியா?"

"சாப்பாடு பரவால்ல. அக்கா, ஒண்ணு சொல்லணும், கோவப்படாத. மாமா ஒரு பொம்பளையைக் கொண்டுவந்து வச்சிருக்கார். உன்னை மாதிரியே இருக்கா. உன் புடவையைத்தான் கட்டுறா. எனக்கு மனசே ஆறல."

"அவங்க உன்னை நல்லாப் பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்க. அதுக்காக? நீ முதல்ல வா."

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். படியில் அவள், காதில் போன். ஒரே குரல் இரண்டு பக்கமிருந்தும் அவனுக்குக் கேட்டது. அவன் முகம் வெளுத்தது.

"அக்கா போனையும் பிடுங்கி வச்சிருக்கீங்களா? அக்காவை என்ன பண்ணீங்க?"

அத்தோடு போனில் பேசுவதும் போயிற்று. அவள் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

அந்த நிலைமையில்தான் நிறுவனத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. விளையாட்டு வெளியாகிவிட்டது. மரியாதைக்காக ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். கணவன் அதைக் கணினியில் ஏற்றி, ஸ்டியரிங்கை மேசையில் பொருத்திக் கொடுத்தான். தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. விபத்துக்குப் பின் வந்த கை நடுக்கம்கூடக் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தான். பாதி தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டான்.

"மாமா, இதையும் மாத்தி வச்சிருக்காங்க."

"என்னடா மாத்தினாங்க? அதே பாதைதானே?"

"பாக்க அதே மாதிரிதான் செஞ்சிருக்காங்க. ஆனா அது இல்ல. பாலத்துல ஏறினா வண்டி ஒரு குதி குதிக்கணும், குதிக்கல. ஈரத்துல வழுக்கவே மாட்டேங்குது, ஒட்டிக்கிட்டுப் போகுது. மரத்தைக் காணோம். பேசுறது எவளோ ஒருத்தி. அக்கா எங்க மாமா?"

கணவன் சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னான்: "இப்ப விளையாட்டையும் போலின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். முத்திப்போச்சு போல."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்காமல் சோடாபுட்டிக்குப் போன் செய்தாள். தம்பி சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அவர் சொல்றது எல்லாம் சரிக்கா" என்றான் சோடாபுட்டி. "சோதிச்சுப் பாத்தவங்க, வண்டி வழுக்குது, ஓட்டவே முடியலைன்னாங்க. சக்கரத்தோட பிடிப்பை ஏத்திட்டோம். பாலத்தை அகலமாக்கினதுல அந்த மேடு போயிடுச்சு. மரம் பார்வையை மறைக்குதுன்னு எடுத்தோம். குரல் எப்படியும் மாத்துறதா இருந்தது. விபத்துக்கு அப்புறம் உங்க மஞ்ச வண்டியும் வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. முன்னாடி செஞ்ச பதிப்புல எல்லாம் அப்படியே இருக்கு. கடைக்கு வந்தது அது இல்ல."

போனை வைத்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அவன் மூளை வேலை செய்கிறது, இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறான் என்று. அந்தச் சந்தோஷம் அடுப்பில் பால் பொங்கும் நேரம்கூட நிற்கவில்லை. பாலத்து மேடு இல்லாததைக் கண்டுபிடித்தவன் தன்னிடம் எதைக் காணவில்லை என்கிறான்? கணவனிடம் கேட்டாள்: "நிஜமாச் சொல்லுங்க. நான் மாறிட்டேனா?"

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். "தூக்கமில்லாம இருக்க. வேற ஒண்ணும் இல்ல" என்றான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

சோடாபுட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய கணினி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தான். நிறுவனத்தில் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தான். ஒயர்களைச் செருகினான். அவள் சமையலறையில் கதவோரம் நின்றுகொண்டாள். தான் கூடத்தில் இருந்தால் தம்பிக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மஞ்சள் வண்டி கிளம்பியது. "ரெடியா? மூணு, ரெண்டு, ஒண்ணு, விடுடா" என்றது அவளுடைய பழைய குரல்.

"அக்கா!" என்றான் அவன். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின.

"வலது நாலு."

"சரிக்கா."

"இடது மூணுடா... விடு, விடு... ம், இப்ப மிதி."

"மிதிச்சாச்சு!"

"தம்பி, பாலம் பாலம்!"

வண்டி குதித்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தம்பி இரண்டு வளைவில் சுவரில் இடித்தான், ஒரு தடவை பள்ளத்தில் விழுந்தான், மறுபடி ஏறி ஓட்டி எல்லையைத் தொட்டான். அவள் தேநீர்த் தட்டோடு தைரியமாகக் கூடத்துக்கு வந்தாள். அவன் அவளை முறைக்கவில்லை.

அவன் சோடாபுட்டியின் கையைப் பிடித்தான்.

"சோடா, நீ ஒருத்தன்தான் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்க. மாத்தி வச்சிருக்காங்கன்னு நான் கத்தினப்ப எல்லாரும் என்னைப் பைத்தியம்ங்கிற மாதிரி பாத்தாங்க. இப்ப என்ன ஆச்சு? அசல் ஒண்ணு பத்திரமாத்தானே இருந்தது? நீ எடுத்துட்டு வந்துட்ட."

"ஆமா" என்றான் சோடாபுட்டி, பேச்சு எங்கே போகிறது என்று தெரியாமல்.

"அப்ப அக்காவும் அந்த மாதிரி எங்கயோ இருக்கா. உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவளையும் கூட்டிட்டு வந்துடேன்." அவன் தட்டோடு நின்றவளைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டான். "இவங்கமேல எனக்குக் கோவம் இல்ல. பாவம், யாரோ அனுப்பி வந்திருக்காங்க. அவங்களும் அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

"தேடிப் பாக்கறேன்" என்றான் சோடாபுட்டி.

படியிறங்கும்போது அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னக்கா சொல்லட்டும்?" அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். உதவி செய்ய வந்தவனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அதன்பின் ஞாயிறு தோறும் தம்பி தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தான். சோடாபுட்டி இரண்டு மூன்று வாரம் வந்தான். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பிறகு வேலை அதிகம் என்றான். பிறகு வரவில்லை. அவள் அவனைக் குறை சொல்லவில்லை. எத்தனை நாள்தான் ஒருவன் வெறுங்கையோடு வந்து நிற்பான்?

பழைய கணினி மட்டும் இருந்தது. தினமும் ஓட்டினான். பாலம் தாண்டியதும் நீளமான நேர்பாதை ஒன்று உண்டு. அங்கே சொல்ல வளைவு எதுவும் இல்லாததால் குரல் சற்று நேரம் ஓய்ந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் அவன் கேட்பான்.

"அக்கா, எப்ப வர்ற?"

"வலது ரெண்டு, இறுகும்."

"அக்கா, என்மேல கோவமா?"

"வலது ரெண்டு, இறுகும்."

சமையலறையில் அவள் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பாள். வாய்வரை வரும் பதிலை விழுங்கிக்கொள்வாள். ஒரு முறை தாங்காமல் "சீக்கிரம் வர்றேன்டா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. மாமாவிடம் போய், "அவங்க, அக்கா மாதிரியே பேசிக் காட்டுறாங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கேட்பதை நிறுத்தினான். நேர்பாதையில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணினியைப் போடுவதும் குறைந்தது. மாத்திரையால் கோபம் தணிந்தது. நம்பிக்கை மாறவில்லை. சிலருக்குத் தானாகச் சரியாகலாம், சிலருக்கு ஆகாமலே போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவள் இரண்டாவது ரகத்துக்கும் மனதைத் தயார் செய்யப் பார்த்தாள். முடியவில்லை. அவனுக்குச் சோறு போடவும், துணி துவைக்கவும், நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போகவும் முடிந்தது. அதைச் செய்தாள்.

ஒரு மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். தானாக ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"நீங்க வந்து ரொம்ப நாளாச்சு இல்ல?" என்றான்.

"ஆமா."

"உங்களைத் தேட மாட்டாங்களா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா உங்களுக்கு?"

"ஒரு தம்பி இருக்கான்."

"உங்களைப் பாக்க வர்றதே இல்லையே?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல."

அவன் தலையாட்டினான். சட்டையின் கை இரண்டையும் உள்ளே மடித்து, நடுக்கத்தோடு தடவி நேராக்கி, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"அப்ப நீங்கதான் போய்ப் பாக்கணும்" என்றான். "பாவம், காத்துக்கிட்டு இருப்பான்."

அவள் "சரி" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள். இருவரும் கூடை காலியாகும்வரை மடித்தார்கள்.