வண்டி முகத்தில் ஒரு தகரம்

ஈரச் சாக்கை நான்காக மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் அழுத்தினான் சிட்டிபாபு. முகத்தைத் திருப்பிக்கொண்டு அரைத் திருகு. அவ்வளவுதான், வெந்நீர் ஆளுயரத்துக்குச் சீறிக் கிளம்பியது. முழங்கையில் இரண்டு சொட்டு. எரிச்சலைப் பார்க்க நேரமில்லை. மணி எட்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடத்தில் மேடவாக்கம் பிரசவ ஆஸ்பத்திரித் தொட்டியில் தண்ணீர் விழவேண்டும். வண்டியோ செம்பாக்கம் புளியமரத்தடியில் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

முதுகில் ஆயிரம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு தாகத்தில் சாகிற வண்டி தாம்பரம் வட்டாரத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். பதினாறு வயது டீசல் பிக்கப். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடையில் ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, பின்னால் ஒரு தொட்டியை ஏற்றி முடிச்சூர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து தினம் இதே மரம், இதே கொதி.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து. டாக்டர் ஞானஜோதி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"திங்கட்கிழமை மூணு ஆபரேஷன் வச்சிருக்கேன். ஒன்பதுன்னா ஒன்பது. இல்லேன்னா வேற லாரிக்குச் சொல்லிடுவேன், சிட்டிபாபு."

அவனுக்கு இருந்த ஒரே நிரந்தர வாடிக்கை அந்த ஆஸ்பத்திரி. அது போனால் வண்டியை விற்கவேண்டியதுதான்.

ஏற்கெனவே மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டியாகிவிட்டது. மூவரும் பார்த்ததும் சொன்னது ஒன்றே: முன்னால் மாட்டியிருக்கிற தகரப் பலகையைக் கழற்றிப் போடு, ரேடியேட்டருக்குக் காற்று போகட்டும். மூன்று இடத்திலும் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினான். கறுப்புப் பலகை, அதில் மஞ்சளில் 'சிட்டிபாபு தண்ணீர் சப்ளை'. எழுதியவன் தம்பி அரிகிருஷ்ணன். தாம்பரம் கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகை அவன் கைவேலையாக இருந்தது ஒரு காலம். இதை எழுதிய மறுவாரம் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பலகையை மாற்றிவிட்டார்கள். வண்டி வீடு திரும்பும் நேரத்துக்குப் பீர்க்கன்கரணையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான் தம்பி. அண்ணனைப் பார்க்கமாட்டான், பலகையைத்தான் பார்ப்பான். இதை எந்த ஷெட்டில் போய் விளக்கிக்கொண்டிருப்பது?

நாலாவது ஆள், முடிச்சூர் ரோடு ஹாஜா மைதீன். சிட்டிபாபுவைவிடப் பதினைந்து வயது இளையவன். வண்டியை ஒரு சுற்று சுற்றி, பலகைக்கு எதிரில் குந்தி, நிதானமாகப் படித்தான். சிட்டிபாபு சண்டைக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"எழுத்து சோக்கா கீதுண்ணா. யாரு கைவேல?"

"என் தம்பி, பாய். இப்ப அவனுக்குக் கை வராது."

ஹாஜா தலையை ஆட்டினான். பலகையைப் பற்றி அதோடு சரி. பானெட்டைத் தூக்கி, ஒரு குழாயைக் கழற்றி, விரலை விட்டுத் துழாவினான். சூடேறினால் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் திருப்பிவிட இங்கே இருந்த வால்வு எங்கே என்று கேட்டான். கொதிக்காமலிருக்க அதைத் தானே பிடுங்கி எறிந்ததைச் சிட்டிபாபு பெருமையாகவே சொன்னான். ஊரில் எல்லா டிரைவரும் செய்வதுதானே?

"நல்ல வேல பண்ணிகீற போ. பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போவாம, குறுக்கால பூந்து இன்ஜினுக்கே திரும்பிக்கினு கீது."

ஞாயிறு காலையிலிருந்து கவிழ்த்த டிரம்மின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான் சிட்டிபாபு. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்த பழைய ரேடியேட்டர் வெளியே வந்தது. லாரியிலிருந்து கழற்றிய, இன்னும் ஒரு வரிசைக் குழாய் கூடுதலான ஒன்றை அளவாக வெட்டிப் பற்றவைத்தான் ஹாஜா. வால்வு புதிது. நாலு இறக்கை விசிறி போய் ஆறு இறக்கை வந்தது. விசிறியைச் சுற்றித் தகரத்தில் ஒரு வளையக் கூடு. தட்டுவான், தடவிப் பார்ப்பான், மறுபடி தட்டுவான். ஒரு தட்டுகூட வீணில்லை. மூன்று மணிக்குப் பலகையை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் ஒரு ஊதுவத்தியைக் காட்டினான். புகை உள்ளே போகாமல் பலகையில் முட்டி மேலே ஏறியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வூட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு ஆறு மணிக்கு வாண்ணா என்று சிட்டிபாபுவை விரட்டினான்.

ஆறு மணிக்கு வண்டி தயார். பலகை இரண்டு கொக்கியில், இரண்டு விரற்கடை முன்னால் தள்ளித் தொங்கியது.

"வாரத்துக்கு ஒரு தபா இத்த கழட்டி, உள்ள ஒட்டின பூச்சி, தூசியெல்லாம் பிரஷ் போட்டு எடுத்துடுண்ணா. மறந்துடாத."

திங்கட்கிழமை முழு லோடு. சேலையூரில் சூட்டு முள் பாதிக்கு வந்து நின்றது. செம்பாக்கத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. முள் அசையவில்லை. புளியமரம் பின்னால் போய்விட்டது. எட்டு நாற்பதுக்குத் தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

"என்ன சிட்டிபாபு, இன்னைக்கு மரத்தடியில ரெஸ்ட் எடுக்கலையா?" என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு காலை, ஹாஜா சொன்ன ஞாபகத்தில், வீட்டு வாசலில் பலகையைக் கொக்கியிலிருந்து தூக்கினான். தூசியைத் தட்ட, எதிர்வெயிலில் கை நீட்டிப் பிடித்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து தம்பியின் இடது கை உயர்ந்தது.

"அண்ணே, அசையாத. உன் சட்டையப் பாரு."

வெள்ளைச் சட்டை முழுக்கக் கடுகு கடுகாக வெயில். கறுப்புப் பரப்பு மொத்தத்தையும் சன்னத் துளை போட்டுச் சல்லடையாக்கியிருந்தான் ஹாஜா. பின்னால் ரேடியேட்டரின் இருட்டு இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. எழுத்தின்மேல் ஒரு துளை இல்லை. மூலையில் எறும்பளவு இருந்த 'அரி' கையெழுத்தைக்கூடத் துளை வரிசை வளைந்து விலகிப் போயிருந்தது. புள்ளிகளுக்கு நடுவே, சிட்டிபாபுவின் நெஞ்சில், அவன் பெயர் நிழலாக நின்றது. குனிந்த அவனுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தம்பி எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான்.